‘டியூ’ என்ற ஆங்கிலப் பெயரடையைக் கடிதங்களில் பிழையின்றி எழுதுவது எப்படி

கடனுக்கான தவணைகளில் மூன்றைக் கட்டத் தவறிவிட்ட நான், அவற்றைச் செலுத்த அவகாசம் கேட்டு ஒரு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ‘ஐ ஆம் டியூ த்ரீ இன்ஸ்டால்மென்ட்ஸ்’ என்பது அதன் முதல் வரி. நான் மூன்று தவணை பாக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நாள்கள் கழித்து, உங்களுக்கு நாங்கள் தர வேண்டிய தொகை எதுவும் எங்கள் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது. அவர்கள்மீது குற்றமில்லை, அந்த வரிக்கு ஆங்கிலத்தில் உள்ள பொருளே, எனக்கு மூன்று தவணைகள் வந்துசேர வேண்டும் என்பதுதான். அந்த இடைவெளியில் தாமதக் கட்டணம் ஏறியது. அவகாசம் கேட்பதற்கான கெடுவும் முடிந்துபோனது.

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள் கொண்ட இந்தச் சொல்லை விண்ணப்பம், விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்), விடுப்புக் கடிதம், ஒப்பந்தம், நினைவூட்டல் என்று எந்த ஆவணத்திலும் தவிர்க்க முடியாது. அதைச் சரியாக எழுத நான் கற்றுக்கொண்ட வழியை, நான் தடுக்கி விழுந்த வரிசையிலேயே கீழே தருகிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருப்பதால், அவற்றை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

1. எழுத உட்காரும் முன் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

முதலில், எந்தத் தொகையைப் பற்றி அல்லது எந்த நாளைப் பற்றி எழுதப் போகிறீர்களோ அதற்கான மூல ஆவணம், அதாவது ஒப்பந்தமோ விலைப்பட்டியலோ அறிவிப்போ, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதில் அவர்கள் ‘டியூ’ என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, ஒரு நாள்காட்டி தேவை. அது எதற்கு என்பது ஆறாவது படியில் தெரியும். மூன்றாவதாக, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தொகுக்கப்பட்ட ஓர் அகராதி வேண்டும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பதிப்பகங்களும் அத்தகைய அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன என்பதால், இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆங்கிலம்–தமிழ் அகராதி மட்டும் போதாது. அது ‘உரிய’, ‘செலுத்த வேண்டிய’ என்று பொருளைத் தந்துவிடுமே தவிர, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘டு’, ‘ஃப்ரம்’, ‘ஃபார்’ போன்ற எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. பிழைகளோ அங்கேதான் நேர்கின்றன.

நான்காவதாக, உங்களுடைய பழைய கடிதங்கள் நான்கைந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இது சற்றுச் சங்கடமான வேலைதான். என் பழைய கடிதங்கள் ஆறில் இந்தச் சொல் பதினோரு இடங்களில் வந்திருந்தது. அவற்றில் சரியாக இருந்தவை நான்கு.

2. பேச்சில் வழங்கும் ‘டியூ’வை மறந்துவிடுங்கள்

‘இந்த மாத டியூ கட்டியாயிற்றா’, ‘இரண்டு டியூ நிலுவை’ என்றெல்லாம் நாம் தமிழில் பேசும்போது, அந்தச் சொல் தவணை என்ற பொருள்படும் பெயர்ச்சொல்லாக மாறிவிட்டது. தமிழுக்குள் அது ஒரு தமிழ்ச்சொல்போலவே புழங்குவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதே பழக்கத்தில் ‘ஐ பெய்டு மை டியூ’ என்றோ ‘மை செகண்ட் டியூ’ என்றோ ஆங்கிலக் கடிதத்தில் எழுதினால் அது பிழை. ஆங்கிலத்தில் தவணைக்கான சொல் ‘இன்ஸ்டால்மென்ட்’ என்பதே. ஆகவே ‘ஐ பெய்டு தி செகண்ட் இன்ஸ்டால்மென்ட்’ என்று எழுதுங்கள்.

ஆங்கிலத்திலும் இது பெயர்ச்சொல்லாக வரும் இடங்கள் இரண்டு உண்டு. பன்மையில் ‘டியூஸ்’ என்றால் சங்கத்துக்கோ மன்றத்துக்கோ உறுப்பினர் கட்டும் சந்தாவைக் குறிக்கும். ஒருமையில் ‘கிவ் ஹிம் ஹிஸ் டியூ’ என்றால், அவருக்குரிய பாராட்டை மறுக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்று பொருள்; பணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த இரண்டையும் தவிர்த்தால், நீங்கள் எழுதும் கடிதங்களில் இது ஏறத்தாழ எப்போதும் பெயரடைதான்.

பெயரடை என்பதாலேயே அது தனித்து நிற்க முடியாது. ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றிக்கொண்டுதான் நிற்க வேண்டும். எழுதிய வாக்கியத்தில் அது எந்தப் பெயர்ச்சொல்லைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தால் வாக்கியம் பெரும்பாலும் சரியாக இருக்கும். காட்ட முடியாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. இனி வரும் படிகள் பலவற்றிலும் இந்தச் சோதனைதான் பயன்படப் போகிறது.

3. எந்தப் பொருளில் எழுதுகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

கடிதங்களில் இச்சொல் நான்கு பொருள்களில் வரும். பணமோ உரிமையோ தரப்பட வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. குறித்த நேரத்தில் நடக்கவோ வந்துசேரவோ இருக்கிறது என்பது இன்னொன்று. முறையான, தகுந்த என்பது மூன்றாவது. ‘டு’ சேர்ந்து, காரணத்தைக் காட்டுவது நான்காவது. இவற்றில் எது உங்களுக்கு வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அதன்பின் ஆங்கிலத்துக்குப் போங்கள். இதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

இதன் அருகிலேயே திரியும் வேறு சில சொற்களையும் பிரித்தறிய வேண்டும். ‘டியூ’ என்றால் செலுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது அல்லது இன்ன நாளில் வருகிறது என்று பொருள். ‘ஓவர்டியூ’ என்றால் அந்த நாள் கடந்துவிட்டது. ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்றால் இன்னும் தீர்க்கப்படவில்லை என்று மட்டுமே பொருள்; கெடு கடந்ததா இல்லையா என்பதை அது சொல்வதில்லை. ‘பெண்டிங்’ என்றால் ஒரு முடிவுக்கோ நடவடிக்கைக்கோ காத்திருக்கிறது என்று பொருள். கெடு வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போதே வாடிக்கையாளருக்கு ‘யுவர் பேமென்ட் இஸ் ஓவர்டியூ’ என்று எழுதிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதியவரை எனக்குத் தெரியும். அது நானல்ல என்று இங்கே பதிவுசெய்துகொள்கிறேன்.

4. பெயர்ச்சொல்லுக்கு முன்னாலா, பின்னாலா

தமிழில் பெயரடை எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். ‘செலுத்த வேண்டிய தொகை’ என்போமே தவிர, ‘தொகை செலுத்த வேண்டிய’ என்று சொல்ல மாட்டோம். அந்தப் பழக்கத்தில்தான் ‘டியூ அமௌன்ட்’ என்று எழுதிவிடுகிறோம். விலைப்பட்டியலில் ஆங்கில வழக்கு ‘அமௌன்ட் டியூ’, ‘பேலன்ஸ் டியூ’, ‘பேமென்ட் டியூ’ என்பதே. பணம் பாக்கி என்ற பொருளில் இந்தச் சொல் பெயருக்குப் பின்னால் வருகிறது.

பெயருக்கு முன்னால் வரும்போதோ பொருள் பெரும்பாலும் மாறிவிடுகிறது. ‘டியூ கேர்’ என்றால் தகுந்த கவனம். ‘டியூ கன்சிடரேஷன்’ என்றால் முறையான பரிசீலனை. ‘டியூ பிராசஸ்’ என்றால் சட்டப்படியான நடைமுறை. முன்னால் வந்தும் பழைய பொருளையே தாங்கி நிற்கும் முக்கியமான விலக்கு ‘டியூ டேட்’. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வாக்கியத்தின் பயனிலையாக வருவதில் சிக்கல் இல்லை. ‘தி ரெண்ட் இஸ் டியூ’ என்று எழுதலாம். ஆனால் ‘வெரி டியூ’, ‘மோர் டியூ’ என்று இதற்கு அளவு கூட்ட முடியாது. நெடுநாளாகத் தாமதமாகிவிட்டது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘லாங் ஓவர்டியூ’ என்று எழுதுங்கள்.

5. யார் யாருக்குத் தர வேண்டும்

என்னைக் கவிழ்த்தது இந்தப் படிதான். ‘எனக்கு மூன்று தவணை பாக்கி’ என்று தமிழில் சொன்னால், நான் தர வேண்டியதா, எனக்கு வர வேண்டியதா என்பது பேசும் இடத்தைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. ஓர் ஆள் எழுவாயாக இருந்து, அதன்பின் ‘டியூ’ வந்து, அதற்குப் பின் தொகையோ பொருளோ வந்தால், அந்த ஆள் பெற வேண்டியவர். ‘ஷி இஸ் டியூ எ ரீஃபண்ட்’ என்றால் அவருக்குப் பணம் திரும்பி வர வேண்டும். ‘ஐ ஆம் டியூ ஃபைவ் டேஸ் லீவ்’ என்றால் எனக்கு ஐந்து நாள் விடுப்பு எடுக்கும் உரிமை இருக்கிறது.

நீங்கள் தர வேண்டியவரானால் ‘ஐ ஓ த்ரீ இன்ஸ்டால்மென்ட்ஸ்’ என்று, கடன்பட்டிருப்பதைக் குறிக்கும் ‘ஓ’ என்ற வினைச்சொல்லைக் கொண்டு நேராக எழுதிவிடுங்கள். அது கடன் ஒப்புதல்போலத் தோன்றுகிறது என்று தயங்கினால், பணத்தை எழுவாயாக்கி ‘த்ரீ இன்ஸ்டால்மென்ட்ஸ் ஆர் டியூ ஃப்ரம் மீ’ என்று எழுதலாம். ‘ஃப்ரம்’ வந்தால் தருபவர், ‘டு’ வந்தால் பெறுபவர்: ‘தி அமௌன்ட் டியூ டு தி சப்ளையர்’ என்றால் பொருள் வழங்கியவருக்குச் சேர வேண்டிய தொகை. இந்த இரண்டில் ஒன்றைக்கூட எழுதாமல் ‘த்ரீ இன்ஸ்டால்மென்ட்ஸ் ஆர் டியூ’ என்று மட்டும் எழுதிவிட்டு, மற்றவர் தாமாகப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

‘டியூ ஃபார்’ என்பது வேறு. ‘ஹி இஸ் டியூ ஃபார் எ ப்ரமோஷன்’ என்றால் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். ‘தி மெஷின் இஸ் டியூ ஃபார் சர்வீஸ்’ என்றால் அந்த இயந்திரத்தைப் பராமரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணை எழுவாயாக வைத்து ‘ஷி இஸ் டியூ இன் ஜூன்’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், அவருக்கு ஜூன் மாதத்தில் குழந்தை பிறக்கவிருக்கிறது என்றுதான் ஆங்கிலம் அறிந்தவர் முதலில் நினைப்பார். அவர் ஜூனில் வேலைக்குத் திரும்பவிருக்கிறார் என்பதே உங்கள் கருத்தானால் ‘ஷி இஸ் டியூ பேக் அட் ஒர்க் இன் ஜூன்’ என்று முழுமையாக எழுதுங்கள்.

6. நாளும் நேரமும்

கெடு தொடர்பான வாக்கியங்களில் முன்னிடைச்சொல்லே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குறிப்பிட்ட நாள் என்றால் ‘ஆன்’: ‘டியூ ஆன் மண்டே’. கடிகார நேரம் என்றால் ‘அட்’: ‘டியூ அட் ஃபைவ்’. மாதம் அல்லது ஆண்டு என்றால் ‘இன்’. அந்த நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் என்றால் ‘பை’: ‘டியூ பை ஃப்ரைடே’ என்று எழுதினால் வெள்ளிக்கிழமை கொடுத்தாலும் பொதுவாக ஏற்கப்படும். ‘டியூ பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழக்கிழமையே கடைசி நாள். இந்த ஒரு சொல் மாற்றத்தில் ஒரு முழு நாள் பறிபோகிறது என்பதைக் கவனியுங்கள்.

‘வெள்ளிக்கிழமை வரை’ என்ற தமிழ்ச் சொற்றொடரை மனத்தில் வைத்துக்கொண்டு ‘டியூ அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதுவது பிழை. ‘அன்டில்’ தொடர்ந்து நீடிக்கும் செயலுக்கு உரியது. ஒருமுறை கொடுத்து முடிக்கும் செயலுக்கு ‘பை’தான் வரும். ‘லேட்டஸ்ட் பை ஃப்ரைடே’ என்றும் எழுதாதீர்கள். ‘பை ஃப்ரைடே அட் தி லேட்டஸ்ட்’ என்பதே முறை.

மூன்று நாள்களில் என்பதற்கு ‘டியூ இன் த்ரீ டேஸ்’ என்று எழுதினால், இன்றிலிருந்து மூன்றாம் நாள் கெடு விழுகிறது என்று பொருள்படும். மூன்று நாள்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் என்பதற்கு ‘டியூ விதின் த்ரீ டேஸ்’ என்று எழுத வேண்டும். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அது வருகிற வெள்ளியா, அதற்கு அடுத்த வெள்ளியா என்பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ஒத்துப்போவதில்லை. ‘மிட்நைட் ஆன் ஃப்ரைடே’ என்பதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பிறக்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று குழப்பும். அதனால்தான் பலர் கெடுவை இரவு 11.59 என்று குறிப்பிடுகிறார்கள். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

விலைப்பட்டியல்களில் ‘நெட் 30’ என்று இருந்தால், விலைப்பட்டியலின் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் முழுத்தொகையும் செலுத்தப்பட வேண்டும் என்று பொருள். ‘2/10 நெட் 30’ என்று இருந்தால், 10 நாள்களுக்குள் செலுத்தினால் 2 விழுக்காடு தள்ளுபடி உண்டு, இல்லையேல் 30 நாள்களுக்குள் முழுத்தொகை என்று பொருள். ‘டியூ அப்பான் ரிசீட்’ என்றால் கையில் கிடைத்தவுடன் செலுத்த வேண்டும். வழக்கமாக இந்த 30 நாள்கள் விலைப்பட்டியலில் அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்து தொடங்குகின்றனவே தவிர, அது உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. ஆவணம் ஒரு வாரம் தாமதமாக வந்தால், அந்த ஒரு வாரத்தையும் நீங்கள்தான் இழக்கிறீர்கள். முதல் படியில் நாள்காட்டியை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: கெடு நாளை நீங்களே எண்ணிக் கண்டுபிடித்து, உங்கள் பதில் கடிதத்தில் அந்தத் தேதியையே எழுதிவிடுங்கள். அவர்களுடைய கணக்கும் உங்களுடைய கணக்கும் வேறுபட்டால் அது கடைசி நாளில் அல்லாமல் அப்போதே தெரிந்துவிடும்.

தேதியை எழுதும்போது மாதத்தைச் சொல்லால் எழுதுங்கள். 04/05 என்று எழுதினால் சில நாடுகளில் மே 4 என்றும், அமெரிக்காவில் ஏப்ரல் 5 என்றும் படிப்பார்கள். ‘டியூ பை 5 பி.எம். ஆன் 4 மே’ என்பதுபோல நேரம், நாள், மாதம் மூன்றையும் எழுதி, ஆண்டையும் சேர்த்துவிட்டால் அதன்பின் வாதத்துக்கு இடமில்லை.

7. ‘டியூ டு’: அதிகமான பிழைகள் நேரும் இடம்

‘டியூ’வும் ‘டு’வும் சேர்ந்து வரும்போது, பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் மூன்று வெவ்வேறு அமைப்புகள் இருக்கின்றன. பின்னால் ஆளின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வந்தால் ‘அவருக்குச் சேர வேண்டிய’ என்ற பொருள். இதை ஐந்தாம் படியில் பார்த்தோம். பின்னால் வினைச்சொல் வந்தால் ‘நடக்கவிருக்கிறது’ என்ற பொருள்: ‘தி மீட்டிங் இஸ் டியூ டு ஸ்டார்ட் அட் டென்’. பின்னால் நிகழ்வையோ நிலையையோ குறிக்கும் பெயர்ச்சொல் வந்தால் ‘அதன் காரணமாக’ என்ற பொருள்: ‘தி டிலே வாஸ் டியூ டு ரெய்ன்’.

இவை ஒன்றோடொன்று மோதும் வாக்கியங்களும் உண்டு. ‘தி எக்ஸ்ட்ரா பேமென்ட் இஸ் டியூ டு தி கான்ட்ராக்டர்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். கூடுதல் தொகை ஒப்பந்ததாரருக்குச் சேர வேண்டும் என்கிறதா, அல்லது ஒப்பந்ததாரரால்தான் கூடுதல் செலவு வந்தது என்கிறதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். அதனால் பணம் தொடர்பான ஆவணத்தில், காரணத்தைச் சொல்ல ‘டியூ டு’வை நான் எழுதுவதே இல்லை, சேர வேண்டியதற்கு ‘பேயபிள் டு’ என்றும், காரணத்துக்கு ‘காஸ்டு பை’ என்றும் எழுதிவிடுகிறேன்.

தமிழர்கள் இங்கே அதிகம் தடுமாறுவதற்குக் காரணம் நம் ‘ஆல்’ உருபு என்றே நினைக்கிறேன். ‘மழையால் தாமதமானது’ என்றாலும், ‘மழை பெய்ததால் தாமதமானது’ என்றாலும் நமக்கு அதே ‘ஆல்’ போதும். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரிக்கிறது. வெறும் பெயர்ச்சொல் வந்தால் ‘டியூ டு’ அல்லது ‘பிகாஸ் ஆஃப்’. எழுவாயும் வினையும் கொண்ட முழுத் தொடர் வந்தால் ‘பிகாஸ்’ மட்டும். ஆகவே ‘டியூ டு ஐ வாஸ் இல்’ என்பது பிழை; ‘பிகாஸ் ஐ வாஸ் இல்’ என்றோ ‘டியூ டு இல்னஸ்’ என்றோ எழுத வேண்டும். எப்படியாவது ‘டியூ டு’வையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ‘டியூ டு தி ஃபேக்ட் தட்’ என்று நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் ‘பிகாஸ்’ என்ற ஒரு சொல் செய்யும் வேலைக்கு ஐந்து சொற்களைக் கூலிக்கு அமர்த்துவது வீண்.

என் பழைய கடிதங்களில் நான் கண்டுபிடித்த மற்ற வகைகள் இவை. ‘டியூ டு ஆஃப் ஃபீவர்’ என்று இரு தொடர்களைக் கலந்திருந்தேன். ‘தி ரீசன் ஃபார் தி டிலே வாஸ் டியூ டு ஃபீவர்’ என்று காரணத்துக்கே இன்னொரு காரணம் கற்பித்திருந்தேன். ‘தி ரீசன் வாஸ் ஃபீவர்’ என்றாலோ ‘தி டிலே வாஸ் டியூ டு ஃபீவர்’ என்றாலோ போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நன்றிக் கடிதத்தில் ‘ஐ காட் தி ஜாப் டியூ டு யூ’ என்று எழுதியிருந்தேன். அவர் வருத்தப்படவில்லை, ஆனால் நல்லது நடந்ததற்கு ‘தேங்க்ஸ் டு யூ’ என்று எழுதுவதுதான் பொருத்தம்.

இனி, இலக்கணம் பார்ப்பவர்கள் சண்டையிடும் இடத்துக்கு வருவோம். ‘தி மேட்ச் வாஸ் கேன்சல்டு டியூ டு ரெய்ன்’ என்ற வாக்கியம் சரியா? இரண்டாம் படியில் சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். இங்கே ‘டியூ’ எந்தப் பெயர்ச்சொல்லைப் பற்றிக்கொண்டிருக்கிறது? ஆட்டம் மழையால் உண்டானதல்ல. ரத்துதான் மழையால் நேர்ந்தது, அதுவோ இங்கே வினைச்சொல்லாக இருக்கிறது. ஆகவே பெயரடைக்குப் பற்றுக்கோடு இல்லை என்பது கண்டிப்பானவர்களின் வாதம். ஃபௌலர் என்ற ஆங்கில நடை அறிஞர் 1926இலேயே இந்த வழக்கைக் கண்டித்தார். இன்றைய அகராதிகள் இதை ஏற்றுக்கொள்கின்றன. பெரும்பாலான வாசகர்களும் இதைப் பிழையாகக் கருதுவதில்லை. என் கருத்து இதுதான்: அன்றாட மின்னஞ்சலில் தாராளமாக எழுதுங்கள், வேலை விண்ணப்பம், ஆய்வேடு, தேர்வுக் கட்டுரை, மேல்முறையீடு ஆகியவற்றில் தவிருங்கள். படிப்பவர் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியாதபோது, இருவரும் ஏற்கும் வடிவத்தை எழுதுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

அந்த வடிவத்தை அடைவதும் எளிது. ‘டியூ டு’ இருக்கும் இடத்தில் ‘காஸ்டு பை’ என்று வைத்துப் படியுங்கள். ‘தி டிலே வாஸ் காஸ்டு பை ரெய்ன்’ ஒழுங்காக ஒலிக்கிறது. எனவே அங்கே ‘டியூ டு’ இருக்கலாம். ‘தி மேட்ச் வாஸ் கேன்சல்டு காஸ்டு பை ரெய்ன்’ ஒலிக்கவில்லை. எனவே அங்கே ‘பிகாஸ் ஆஃப்’ என்று மாற்றுங்கள். வாக்கியத்தைக் காரணத்திலிருந்து தொடங்க விரும்பினால் ‘பிகாஸ் ஆஃப் ரெய்ன்’ என்றோ ‘ஓயிங் டு ரெய்ன்’ என்றோ தொடங்கி, அதற்குப்பின் ஒரு காற்புள்ளி இடுங்கள்.

8. உறைந்த தொடர்கள்

‘இன் டியூ கோர்ஸ்’ என்றால் உரிய காலத்தில் என்று பொருள். மரியாதையாக ஒலிக்கும்; ஆனால் தேதி எதையும் சொல்லாது. உங்களுக்கு வரும் கடிதத்தில் இத்தொடர் இருந்தால், எந்த நாளுக்குள் என்று திருப்பிக் கேளுங்கள். நீங்கள் எழுதும் கடிதத்தில், சான்றிதழ்களை ‘இன் டியூ கோர்ஸ்’ அனுப்புகிறேன் என்று எழுதாதீர்கள், தேதியைச் சொல்லுங்கள்.

‘வித் டியூ ரெஸ்பெக்ட்’, ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ ஆகியவற்றைப் பணிவான தொடக்கம் என்று எண்ணி மேலதிகாரிக்கான விடுப்புக் கடிதத்தில் எழுதுபவர்கள் நிறைய. ஆங்கிலம் பேசும் சூழலில் வளர்ந்தவர்களின் காதில் அது, இதோ உங்களை மறுத்துப் பேசப் போகிறேன் என்ற முன்னறிவிப்பாகவே விழுகிறது. மறுப்பு எதுவும் இல்லாத கடிதத்தில் அதை எழுதாதீர்கள்.

9. எழுத்துக்கூட்டல்

இச்சொல்லின் ஆங்கில எழுத்துகள் டி, யு, இ. வினையடையாக மாறும்போது கடைசி ‘இ’ உதிர்ந்துவிடும்; ‘டியூலி’ என்பதை டி, யு, எல், ஒய் என்ற நான்கு எழுத்துகளால்தான் எழுத வேண்டும். ‘டியூலி ஃபில்டு அண்ட் சைன்டு’ என்று விண்ணப்பங்களில் அடிக்கடி வருவதால் இதைக் கவனியுங்கள். ‘ஓவர்டியூ’, ‘அன்டியூ’ இரண்டும் இடைவெளியின்றி ஒரே சொல். ‘பாஸ்ட் டியூ’ இரண்டு சொற்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இடையே சிறுகோடு இடுவார்கள்.

பலருடைய உச்சரிப்பில், குறிப்பாக அமெரிக்க உச்சரிப்பில், இச்சொல்லும் ‘செய்’ என்று பொருள்படும் ‘டூ’வும் ஒன்றுபோலவே ஒலிப்பதால், காதால் கேட்டு எழுதுபவர்கள் ‘டூ டு ரெய்ன்’ என்று எழுதிவிடுகிறார்கள். சொல் தனியாகப் பார்க்கையில் சரியாக இருப்பதால், எழுத்துப்பிழை மட்டும் பார்க்கும் கருவிகளுக்கு இது எளிதில் தப்பிவிடும். பனித்துளியைக் குறிக்கும் ‘டியூ’ வேறு சொல்; அதன் கடைசி எழுத்து டபிள்யூ.

10. அனுப்பும் முன்

கடிதத்தைச் சேமித்துவிட்டு, கணினியின் தேடல் வசதியில் இந்த மூன்று எழுத்துகளையும் இட்டுத் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வோர் இடத்திலும், எந்தப் பெயர்ச்சொல், யாரிடமிருந்து யாருக்கு, எந்த நாள் ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். ஒரு பக்கக் கடிதத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். முதல் மூன்று வாரங்களுக்கு எனக்கு இது சலிப்பாக இருந்தது. அதன்பின் எழுதும்போதே கை நின்றுவிடும் பழக்கம் வந்தது. அவசரமில்லாத கடிதமானால் ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எழுதிய உடனே செய்தால், நாம் சொல்ல நினைத்ததையே கண் படிக்கும்.

என் தவணைக் கடிதத்தை இரண்டாம் முறை எழுதியபோது அதன் முதல் இரண்டு வரிகள் இப்படி அமைந்தன: ‘ஐ ஓ த்ரீ இன்ஸ்டால்மென்ட்ஸ். தி டிலே வாஸ் டியூ டு இல்னஸ்.’ அவற்றின் கீழே, மூன்று தவணைகளுக்கும் உரிய மூன்று கெடு நாள்களையும் மாதத்தின் பெயரோடு எழுதி, மருத்துவச் சான்றின் நகலை இணைத்து அனுப்பினேன். பதில் நான்காம் நாளில் வந்தது. தாமதக் கட்டணத்தை அவர்கள் நீக்கவில்லை. அவகாசம் மட்டும் கொடுத்தார்கள்.